அண்ணி பக்கத்துப் பிரேக்

இந்த மேடையையும் எடை போட்டு வாங்கிவிடுவாரோ என்று நாம் அஞ்சும்படி அதன் நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர், பழைய இரும்புக் கடை உரிமையாளர் அவர்களே! பழைய வண்டி நின்றுபோன செய்தியைத் துயரத்தோடும், புதிய வண்டி வந்த செய்தியைத் துள்ளலோடும் ஒரே மூச்சில் சொல்லி முடித்த கார் ஷோரூம் மேலாளர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, விட்ட கண்ணீரால் இந்த ஒலிவாங்கியையே துருப்பிடிக்க வைத்துவிட்டுப் போன மருந்துக்கடை ஐயா அவர்களே! முன்வரிசையில் முழங்காலைத் தடவியபடி அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளையை மடியிலும் பையைத் தோளிலும் பொறுமையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! லைசென்ஸ் வாங்கியவர்களே, வாங்கப் போகிறவர்களே, வாங்காமலே ஓட்டிக்கொண்டிருக்கிறவர்களே! எனக்கு இடப்பக்கம், என்றைக்கும் போல இன்றைக்கும் எனக்கு இடப்பக்கமே அமர்ந்திருக்கிற என் அண்ணி, நம் ஊர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியை அவர்களே! வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு, இதெல்லாம் எனக்கா என்று விழித்தபடி நிற்கிற எங்கள் குட்டிக் காரே! உங்கள் அனைவருக்கும் இந்த ரொட்டி வண்டிக்காரியின் பணிவான வணக்கம்.

என்ன, வண்டிக்கு வணக்கமா என்று யாரோ பின்னால் சிரிக்கிறீர்கள். ஏன் ஐயா, சொல்லக் கூடாதா? உங்களில் எத்தனை பேர் அதன் வயிற்றில் உட்கார்ந்து கியர் மாற்றக் கற்றுக்கொண்டவர்கள்! எத்தனை பேர் அதைச் சுவரில் மோதினீர்கள், எத்தனை பேர் அதைச் சாக்கடையில் இறக்கினீர்கள்! ஒரு நாளாவது அது உங்களைப் பார்த்துச் சிரித்ததா? பிறகென்ன.

அன்பர்களே! இன்று நாம் எதற்காகக் கூடியிருக்கிறோம்? குட்டிக்கு விடை கொடுக்கக் கூடியிருக்கிறோம். கம்பெனி அந்த மாடலுக்கு வைத்த பெயர் வாயில் நுழையாத பெயர். நாம் வைத்த பெயர் குட்டி. அந்த மாடலைச் செய்வதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். உதிரிபாகம் கிடையாது, உறை பிரிக்காத புது வண்டியும் கிடையாது. நாளைக் காலையில் நம் தலைவர் அவர்கள் கயிற்றோடு வந்து குட்டியைத் தம் கிடங்குக்கு இழுத்துப் போகப் போகிறார். அதனால்தான் மருந்துக்கடை ஐயா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். குட்டியை மறுபடியும் செய்யச் சொல்லிக் கம்பெனிக்கு நாமெல்லாரும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டுமாம். அந்தத் தீர்மானத்தை வழிமொழிய என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வழிமொழிய மாட்டேன் ஐயா!

சத்தம் வேண்டாம், சத்தம் வேண்டாம். நன்றி கெட்டவள் என்று மூன்றாம் வரிசையில் முணுமுணுக்கிற தையற்கடை அக்காவுக்கும் பதில் வைத்திருக்கிறேன். குட்டி போவதில் எனக்கு வருத்தமா? இருக்கிறது, கொஞ்சம். ஆனால் வருத்தத்தைவிட நிம்மதி பெரிது! அந்த நிம்மதியைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

அதோ பார்த்தீர்களா? நான் குரலை உயர்த்தினேன். உடனே அண்ணியின் வலது கால் என்ன செய்தது? மேடைப் பலகையை அழுத்தியது! மறைக்காதீர்கள் அண்ணி, சேலைக்கு வெளியே செருப்பு தெரிகிறது. நான் வேகம் எடுக்கிறேன் என்று அவர் பிரேக் போடுகிறார். என் கதையே அந்தக் கால்தான், அதனால் எல்லாரும் அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிந்தவர்களுக்கு இது தெரியும், அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பயிற்சிப் பள்ளி வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில். மற்றொன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில். பயந்த பிள்ளை பள்ளத்தில் விட்டால் ஆசிரியர் அதை மிதிப்பார், வண்டி நிற்கும். குட்டியில் இருந்த அந்த இரண்டாவது பிரேக், அதுதான் அண்ணி பக்கத்துப் பிரேக். இந்த ஊரில் உடையாத முட்டி எத்தனை உண்டோ, நசுங்காத நாய்க்குட்டி எத்தனை உண்டோ, அத்தனைக்கும் அந்த ஒரு மிதிதான் காரணம். இதை மறுப்பவர் உண்டா? இல்லை.

நான் யார்? கணவர் இறந்த பிறகு, ஒரு பெட்டியும் ஒரு பெண்பிள்ளையுமாக அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தவள். அன்றைக்கு வாசலில் நின்று என் பெட்டியை வாங்கியது அண்ணனா? அண்ணன் டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கியது அண்ணி. பெட்டியை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“நீ இரு, நான் பாத்துக்கறேன்.”

அன்பர்களே, எத்தனை இனிமையான வார்த்தை! பாங்குக்குப் போகணுமா? “நீ இரு, நான் பாத்துக்கறேன்.” பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிறார்களா? “நீ இரு, நான் பாத்துக்கறேன்.” சாலையைக் கடக்கணுமா? என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவரே இருபக்கமும் பார்ப்பார். நான் பார்க்க வேண்டிய பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பார். பேக்கரியில் ரொட்டிக்கு உறை போடுகிற வேலைக்குப் போனேன். அதற்கும் முதல் நாள் அவரே வந்து, எந்த நாற்காலியில் காற்று நன்றாக வரும் என்று பார்த்து என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார். அன்று முதல் வீட்டில் என் பெயர் பன்னு.

சிரியுங்கள், நானும் சிரிக்கிறேன். ஆனால் ஒரு நாள் என் மகள் கேட்டாள், “அம்மா, நமக்கு எப்ப நம்ம வீடு?” குத்தலாகக் கேட்கவில்லை, மணி என்ன என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

அந்த வேளையில்தான் பேக்கரியில் ரொட்டி வண்டி ஓட்டுகிற பெரியவர் வேலையை விட்டுப் போவதாகச் சொன்னார். கடை கடையாக ரொட்டி கொண்டுபோய்ப் போடும் வேலை. சம்பளம் நான் வாங்குவதைப்போல இரண்டு பங்கு. பேக்கரி முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார்.

“மூணு மாசம் வரைக்கும் வேற யாரையும் போடமாட்டேன். அதுக்குள்ள லைசென்ஸ் வாங்கிட்டு வந்தா வண்டி உனக்கு. இல்லன்னா வெளியாளைத்தான் பாக்கணும். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது.”

அந்தச் சம்பளம் வந்தால் அடுத்த தெருவில், சைக்கிள் கடைக்கு மேல் காலியாக இருக்கிற வீட்டை எடுக்கலாம். என் மகள் அதைச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, எந்தச் சுவரோரம் மேசை போடுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டாள். ஆக, எனக்கு வேண்டியது என்ன? ஒரு லைசென்ஸ். அண்ணியே ஊருக்கு ஆசிரியை. அண்ணி இருக்க அச்சம் ஏன்?

கற்றேன். குட்டியில்தான் கற்றேன். கிளட்ச் வந்தது, கியர் வந்தது, வளைவு வந்தது, ரிவர்ஸ் வந்தது. நிறுத்துவது? ஆகா, நிறுத்துவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை! மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொல்வார் அண்ணி. ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் முன்னாலேயே பூப்போல நிற்கும் வண்டி. அண்ணி கைதட்டுவார். “நிறுத்தறதுல நீதான்டி நம்பர் ஒன்” என்பார்.

டெஸ்டுக்குப் போனேன். அங்கே பக்கத்தில் உட்காருவது அண்ணி அல்ல, அதிகாரி. அவர் காலை மடக்கிக்கொண்டு கையில் பேனாவோடு உட்காருவார். அண்ணி வெளியே மரத்தடியில் நிற்பார். வந்தது கோடு. மிதித்தேன் பிரேக்கை. கோடு எங்கே? காணோம்! அதிகாரி நல்ல மனிதர், கோபிக்கவில்லை.

“கோடு பின்னாடி போயிருச்சும்மா” என்றார்.

இரண்டாம் தடவை போனேன். கோடு பின்னால் போயிற்று. மூன்றாம் தடவை போனேன். மறுபடியும் கோடு பின்னால் போயிற்று! மைதானத்தில் அடங்கி நிற்கிற அதே கோடு, அதிகாரியைக் கண்டால் மட்டும் என் சக்கரத்துக்கடியில் ஓடி ஒளிந்தது. ஏன்? எதனால்? ஊரே மருத்துவரானது. பரீட்சை பயம் என்றார் ஒருவர். கண்ணைக் காட்டு என்றார் இன்னொருவர். இதோ அழுதுகொண்டிருக்கிற மருந்துக்கடை ஐயா எனக்கு ஒரு சத்து டானிக்கே கொடுத்தார். டானிக் இனித்தது, கோடு நிற்கவில்லை. அண்ணி என் தலையைக் கோதிவிட்டு, “போகட்டும் விடு பன்னு, வேலை எங்க ஓடிப்போகுது? நீ இரு, நான் பாத்துக்கறேன்” என்றார். மூன்று மாதக் கெடுவில் பாதிக்கு மேல் போய்விட்டது. என் மகள் மேசையைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அந்த வாரம் பார்த்துத்தான் குட்டிக்குக் கியர்பாக்ஸ் போனது.

நம் மெக்கானிக்கை உங்களுக்குத் தெரியும். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பார், அதனால் ஊருக்கே அவர் நாளைக்குதான். அதோ தூணோரம் நிற்கிறார், கையைத் தூக்குங்கள் நாளைக்கு! வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் நாளைக்கு என்று சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, “இனிமே கெடைக்காது டீச்சர்” என்றார். “இந்த மாடலையே நிறுத்திட்டாங்க. எல்லாரும் உசரமான வண்டிதான் கேக்கறாங்களாம்.”

அண்ணியின் முகத்தை அன்று நான் பார்த்தேன். அது வண்டி போன முகம் இல்லை, தரை போன முகம். ஏற்கெனவே கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வேறு மாதிரி பேச ஆரம்பித்திருந்தார்கள். எங்க வீட்டுல நிக்கறது உயரமான வண்டி, இந்தக் குட்டியில கத்துக்கிட்டு அதை எப்படி ஓட்டறது என்று கேட்டார்கள். பள்ளியையே மூட வேண்டியதுதானோ என்று அண்ணி முதல் தடவையாகச் சாப்பிடாமல் எழுந்தார். அன்று அவரிடம் “நீங்க இருங்க, நான் பாத்துக்கறேன்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதைப் பார்த்துக்கொள்ளத் தெரியும் எனக்கு?

கடைசியில் வேறு வழியில்லாமல் வந்தது உயர வண்டி. ஷோரூம் மேலாளரே, நீங்கள்தான் கொண்டுவந்து விட்டீர்கள், நினைவிருக்கிறதா? அண்ணி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இது காரா, மாடி வீடா?” என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள், அவர் சிரிக்கவில்லை.

சிக்கல் என்ன தெரியுமா? குட்டிக்கான இரண்டாவது பிரேக் எல்லாக் கடையிலும் தொங்கியது. இந்தப் புதிய மாடலுக்கு அப்படி ஒன்று இன்னும் யாரும் செய்யவில்லை. நம் மெக்கானிக் நாளைக்கு, தானே செய்து மாட்டுகிறேன் என்று ஒரு மாலை முழுக்க வண்டிக்கடியில் படுத்திருந்தார். மிதியை மாட்டினார். அது துள்ளித் திரும்ப ஸ்பிரிங்கும் மாட்டினார். எழுந்து போகும்போது வாசலில் நின்ற அண்ணனிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் தலையை ஆட்டினார். அண்ணன் தலையாட்டினால் காதில் விழுந்ததென்று பொருள் இல்லை, பந்தாட்டம் நடக்கிறதென்று பொருள்.

மறுநாள் காலை அண்ணி ஏறி உட்கார்ந்தார், மிதியை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். “புது வண்டியில்ல, எல்லாம் வெண்ணெய் மாதிரி இருக்கு” என்றார். நான் ஓட்டுகிற இருக்கையில் ஏறினேன். அம்மாடி, எவ்வளவு உயரம்! குட்டியில் உட்கார்ந்தால் முன்னால் போகிற லாரியின் சக்கரம்தான் தெரியும். இதில் தெருக்கோடி வரைக்கும் தெரிந்தது. ஆனால் வண்டியின் மூக்கு எங்கே முடிகிறதென்று மட்டும் தெரியவில்லை. குட்டியில் எனக்குப் பயமே கிடையாது. இதில் உடம்பெல்லாம் பயம். அந்தப் பயத்தில் எல்லாவற்றையும் கொஞ்சம் முன்கூட்டியே பார்த்தேன், கொஞ்சம் முன்கூட்டியே மிதித்தேன்.

சந்தைத் தெரு முக்கில் திரும்புகிறோம். எதிரே முட்டைக்காரர்! சைக்கிளின் பின்னால் அட்டை அட்டையாக முட்டை, அவர் கழுத்து உயரத்துக்கு. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஹாரன் அடிக்க, மனிதர் மிரண்டு நேராக என் முன்னால் வளைந்தார்!

மிதித்தேன்! பக்கத்தில் அண்ணியும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு மிதித்தார்.

நின்றது வண்டி. நிமிர்ந்தது சைக்கிள். ஒரு முட்டை, ஒரே ஒரு முட்டைகூட உடையவில்லை ஐயா! முட்டைக்காரர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அண்ணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வீடு வரும்வரை அண்ணி பேசிக்கொண்டே வந்தார். “பாத்தியா? நான் மட்டும் மிதிக்கலன்னா இன்னிக்கு ஊருக்கே ஆம்லெட். இந்தக் கால் இருக்கே, இந்தக் காலு...” என்று தம் முழங்காலைத் தாமே தட்டிக்கொடுத்துக்கொண்டார். நானும் அவர் சொன்னதை நம்பினேன். எனக்கு எப்போது நிறுத்தத் தெரிந்தது, இப்போது தெரிய?

வாசலில் நாளைக்கு நிற்கிறார். கையில் ஒரு கம்பி.

“எங்க டீச்சர் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டீங்க? உங்க பக்கத்துப் பிரேக்கை வண்டிப் பிரேக்கோட சேக்கற கம்பியை இன்னும் மாட்டவே இல்லையே! நேத்து மிதியும் ஸ்பிரிங்கும் மட்டும்தான் போட்டேன். மாட்டற வரைக்கும் எடுக்க வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்?”

அண்ணன் சன்னலில் தலையை நீட்டினார். “அட, ஆமா, சொன்னான்” என்றார். நீட்டிய வேகத்தில் உள்ளே இழுத்துக்கொண்டார், நல்ல வேளை.

அன்பர்களே! நினைத்துப் பாருங்கள்! கம்பி இல்லாத பிரேக்! வெறும் மிதி! ஸ்பிரிங் மட்டும் துள்ளுகிற பொம்மை! அதைத்தான் அண்ணி சந்தைத் தெருவில் உயிரைக் கொடுத்து அழுத்தினார். அண்ணிக்கு வியர்த்துவிட்டது. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிய ஆபத்துதான், நான் அதைச் சிரித்து மழுப்பவில்லை. இப்போதும் முட்டைக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான் கண்முன் வருகிறார்கள். பிறகு அண்ணி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பார்வை அவர் என்னைப் பார்த்ததில்லை.

“அப்ப... யாருடி நிறுத்துனது?”

யார் நிறுத்தியது? கம்பி நிறுத்தவில்லை. கம்பெனி நிறுத்தவில்லை. அண்ணியும் நிறுத்தவில்லை. நான், இந்தப் பன்னு, மூன்று தடவை கோட்டைத் தாண்டியவள், நான் நிறுத்தினேன்!

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிற்று, மூன்று தடவையும் அந்தக் கோடு ஏன் பின்னால் போயிற்று என்று. மைதானத்தில் பூப்போல நின்றதே குட்டி, அது என் காலுக்கா நின்றது? நான் மிதிப்பதற்கு ஒரு கண்சிமிட்டல் முன்னால் அண்ணியின் கால் மிதித்திருக்கிறது! அவருக்கே தெரியாமல் மிதித்திருக்கிறது! வேண்டுமென்று செய்தாரா? இல்லை. ஏமாற்றினாரா? ஐயோ, இல்லை. அந்தக் கால் அவரைக் கேட்டுக்கொண்டா மிதிக்கும்? ஊர்ப் பிள்ளைகளைக் காத்துக் காத்துப் பழகிய கால் அது. என் கால் மெல்லத் தொட்டால் போதுமென்று கற்றுக்கொண்டது. மிச்சத்தை அன்பு பார்த்துக்கொண்டது. அதிகாரி காலை மடக்கி உட்கார்ந்தபோது அந்த மிச்சத்துக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

அண்ணி அழுதார். நானும் அழுதேன். நாளைக்கு மட்டும் கம்பியை நீட்டிக்கொண்டு, “இப்ப மாட்டட்டுமா டீச்சர்?” என்று கேட்டார்.

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: “இவ டெஸ்ட் முடியட்டும். மத்த யாரையும் அதுவரைக்கும் இதுல ஏத்தமாட்டேன். நீ வழக்கம்போல நாளைக்கு வா.”

அதற்குப் பிறகு மைதானத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில் மட்டும், பழகினோம். முதல் நாள் அண்ணியின் கால் கேட்கவில்லை. கம்பி இல்லையென்று தெரிந்தும் பொம்மை மிதியை மிதித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் ஸ்பிரிங் கீச் கீச்சென்று எங்களைக் கேலி செய்தது. இரண்டாவது நாள் அவர் என்ன செய்தார் தெரியுமா? செருப்பைக் கழற்றினார். அந்த அகலமான, உயரமான இருக்கையில் இரண்டு காலையும் தூக்கி மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்!

குட்டியில் இது நடக்குமா? குட்டியில் முழங்கால் முன்பலகையில் இடிக்கும். சம்மணம் போட இடமேது? கால் இருக்கிற இடத்தில்தான் இருக்க வேண்டும், இருந்தால் மிதிக்கத்தான் வேண்டும். உயர வண்டி வந்தது, என் அண்ணியின் காலுக்கு ஓய்வு வந்தது! சம்மணம் போட்டபடி என்னைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தை இருக்கிறதே, அதைத்தான் நான் இந்த ஊருக்கே சொல்ல வந்தேன். வழக்கமான வார்த்தைதான், கொஞ்சம் இடம் மாற்றிச் சொன்னார்.

“நீ பாத்துக்க. நான் இருக்கேன்.”

டெஸ்ட் நாள் வந்தது. அதே அதிகாரி, அதே மரத்தடி. வந்தது கோடு. மிதித்தேன். நின்றது. அதிகாரி எட்டிப் பார்த்தார். நம்பிக்கை வராமல் கதவைத் திறந்து, இறங்கிப் போய், குனிந்து பார்த்தார்.

“கோடு முன்னாடியே இருக்கும்மா!” என்று கத்தினார்.

மரத்தடியில் அண்ணி ஒற்றைக் காலில் குதித்தார். மற்றக் காலில் வலி, அதனால்தான் ஒற்றைக் கால். ஊரைக் காத்த அந்த முட்டி எத்தனை காலமாக வலித்தது என்று அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். அப்பாடா என்று அவர் விட்ட பெருமூச்சு எனக்கு லைசென்ஸைவிடப் பெரிதாக இருந்தது.

கெடு முடிவதற்கு முன்னால் ரொட்டி வண்டிச் சாவி என் கைக்கு வந்தது. சைக்கிள் கடைக்கு மேல் வீடும் வந்தது. மேசை அந்தச் சுவரோரமே கிடக்கிறது, என் மகள் அங்கேதான் படிக்கிறாள். முதல் நாள் அண்ணி வந்தார். நேரே அடுப்படிக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கக் கையை நீட்டினார். நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். “எனக்கும் ஒரு வாய் டீ குடு” என்றார். என் வீட்டில், என் கையால், என் அண்ணிக்கு நான் கொடுத்த முதல் டீ. கொஞ்சம் சர்க்கரை கூடிப்போயிற்று, குடித்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள்! குட்டியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் எழுதலாமா? கம்பெனி கைவிட்டது, கம்பெனி கைவிட்டது என்று அழுதீர்களே மருந்துக்கடை ஐயா, கைவிட்டது கம்பெனியா? தயவுசெய்து வெளியே எட்டிப் பாருங்கள். இந்த மண்டபத்து வாசலில் நிற்கிற வண்டியெல்லாம் என்ன வண்டி? உயரமான வண்டி! உங்கள் வண்டி எது? அந்த வெள்ளை நிறம், எல்லாவற்றிலும் உயரமானது! ஏறும்போது முட்டி வலிக்கவே இல்லை என்று நீங்கள்தானே டானிக் விற்கும்போது என்னிடம் சொன்னீர்கள்? நம் மனம் மாறியது, நம் முதுகு மாறியது, நம் முழங்கால் மாறியது. மாறிய பிறகு பழையதைச் செய் என்றால் வாங்கப் போவது யார்?

என்ன ஐயா, கையைத் தூக்குகிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள். தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறீர்களா? கைதட்டுங்கள், கைதட்டுங்கள்! இன்னொரு டானிக் வாங்கிக்கொள்கிறேன் ஐயா.

குட்டி கெட்ட வண்டியா? யார் சொன்னது? நல்ல வண்டி, தங்கமான வண்டி. அதில் ஒரு குறையும் இல்லை. பழகிய வண்டி என்பதுதான் அதன் பெருமை. பழகிய வண்டி என்பதால்தான் எங்கள் இருவர் காலும் அதில் கண்ணை மூடிக்கொண்டது. பழகியது போனால் பாதை போய்விடும் என்று நடுங்கினோம். போகவில்லை! பள்ளி நடக்கிறது, முன்னைவிட நிறைய பேர் வருகிறார்கள், புது வண்டியில் அண்ணி பக்கத்துப் பிரேக்குக்குக் கம்பியும் மாட்டியாயிற்று. தேவையானபோது மட்டும் அது வேலை செய்கிறது. மற்ற நேரமெல்லாம் அண்ணி சம்மணம்தான். பயப்படுங்கள், தாய்மார்களே, தப்பில்லை. புதிதில் ஏறும்போது பயப்படுங்கள், அந்தப் பயத்தோடு தெருவை முன்கூட்டியே பாருங்கள், உங்கள் காலை நீங்களே அழுத்துங்கள். உங்களுக்கு நிறுத்தத் தெரியும், உங்களுக்கு ஓட்டவும் தெரியும். இது பேக்கரி வண்டிக்காரியின் சத்தியம்.

தலைவர் அவர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக் காலையில் குட்டியைக் கொண்டுபோங்கள், மனமார வழியனுப்புகிறோம். ஆனால் அந்த இரண்டாவது பிரேக் மிதியை மட்டும் கழற்றி எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். எடை குறைகிறதே என்று முகத்தைச் சுருக்காதீர்கள், சின்ன மிதிதான். எங்கள் பள்ளிக் கதவு காற்றில் படார் படாரென்று அடிக்கிறது. அந்த மிதியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைக்கப் போகிறோம். இத்தனை காலம் வண்டியை நிறுத்தியது, இனி உள்ளே வருகிறவர்களுக்காகக் கதவைத் திறந்தபடி வைத்திருக்கட்டும்.

தலைவர் மணியைத் தொடுகிறார். பொறுங்கள், மணி வேண்டாம். எல்லாரும் ஒரு தடவை என் இடப்பக்கம் திரும்பிப் பாருங்கள். நான் இவ்வளவு நேரம் பேசியும், இவ்வளவு வேகம் பிடித்தும், அண்ணியின் செருப்பு இரண்டும் நாற்காலிக்கு அடியில் காலியாகக் கிடக்கிறது. கால் எங்கே? மேலே! மேடை நாற்காலியிலேயே சம்மணம் போட்டுவிட்டார்!

இடம் கொடுத்த மண்டபத்தாருக்கும், இடைமறித்த அன்பர்களுக்கும், சொல்ல மறந்த என் அண்ணனுக்கும், மாட்டாமல் போன நாளைக்குக்கும், உடையாத முட்டைகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அண்ணி, கூட்டம் முடிந்ததும் உங்களை வீட்டில் விடுவது நான்தான், அப்படியே உட்காருங்கள், எழுந்திருக்க வேண்டாம்.

கோடு வந்துவிட்டது. நிறுத்திக்கொள்கிறேன். வணக்கம்.